மங்கோலியக் குதிரைக்குக் கடிவாளம்

கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் செங்கிஸ்கானின் படையை அடக்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அசல் மங்கோலியர்களை நிறுத்தியதோ எண்கள் அல்ல, புல்.

திரையின் ஒரு ஓரத்தில் நாற்பது குதிரை வில்லாளிகள். எதிரே அறுபது ஈட்டி வீரர்கள். ஈட்டி குதிரைக்கு எமன் என்பது இந்த விளையாட்டின் பால பாடம். அதை நம்பி ஈட்டிக்காரர்கள் முன்னேறுகிறார்கள். குதிரைகள் நின்று ஒரு முறை அம்பு எய்கின்றன, திரும்பி ஓடுகின்றன. மீண்டும் நின்று எய்கின்றன, மீண்டும் ஓட்டம். சில நிமிடங்களில் களத்தில் ஈட்டி வீரர் ஒருவரும் இல்லை. குதிரைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. தோற்றவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது என்ன நியாயம்?

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வரிசையின் இரண்டாவது விளையாட்டு 1999-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அன்று முதல் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை நின்றபாடில்லை. என்செம்பிள் 2009-ல் மூடப்பட்டுவிட்டது. விளையாட்டு சாகவில்லை. 2013-ல் ஒரு புதுப்பிப்பு, 2019 நவம்பரில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற முழு மறுபிறவி. 40க்கும் மேற்பட்ட நாகரிகங்கள் அதில் மோதுகின்றன. ஒவ்வொரு சில மாதங்களுக்கும் ஒரு திருத்தம் வருகிறது: இவருக்கு ஒரு புள்ளி கூட்டு, அவருக்கு இரண்டு புள்ளி குறை. பரிசுப் பணம் உள்ள போட்டிகள் நடக்கின்றன. 2022-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் கோட்டையிலேயே ஒரு பெரிய போட்டி நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய அரசும் இ-ஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக அங்கீகரித்தது. ஆகவே ஒரு குதிரை எவ்வளவு வேகமாக அம்பு விட வேண்டும் என்பது இனி பொழுதுபோக்கு விவகாரம் மட்டும் அல்ல.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு சிற்றூரோடு தொடங்குகிறார். குடியானவர்கள் உணவு, மரம், தங்கம், கல் சேர்க்கிறார்கள். அதைக் கொண்டு படை திரட்டுகிறார்கள். குடியானவர், போர்வீரர் எல்லாரும் சேர்ந்து வழக்கமான உச்ச வரம்பு 200 பேர். படைகளுக்குள் கல், காகிதம், கத்தரி போல ஒரு சுழற்சி: ஈட்டி குதிரையை வெல்லும், குதிரை வில்லாளியை வெல்லும், வில்லாளி ஈட்டியை வெல்வான். இதில் குதிரையும் வில்லும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? அங்கேதான் மங்கோலியர் வருகிறார்கள், சுழற்சி உடைகிறது.

அவர்களின் தனிப் படைக்கு மங்குதாய் என்று பெயர். கோட்டையில் மட்டுமே உருவாகும் குதிரை வில்லாளிகள். மற்ற நாகரிகங்களின் குதிரை வில்லாளிகளைவிட மங்கோலியர் 25 சதவீதம் வேகமாக அம்பு விடுகிறார்கள். ஈட்டிக்காரரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறார்கள். எதிரியின் முற்றுகை எந்திரங்களைச் சிதைக்கத் தனித் திறன் வேறு. காகிதத்தில் ஈட்டிக்காரரின் குத்துக்கு இவர்களிடம் கூடுதல் பலன் உண்டு. ஆனால் குத்துவதற்கு முதலில் தொட வேண்டுமே.

இவ்வளவையும் கொடுத்துவிட்டு வடிவமைப்பாளர்கள் இன்னொரு கையால் பறித்துக்கொண்டார்கள். மங்கோலிய வில்லாளிக்குக் கடைசிக் கட்டக் கவசம் கிடையாது. குதிரைகளுக்கான உச்சக் கவசமும் கிடையாது. முக்கியமாக, ஈட்டிப் படையின் கடைசிப் படியான ஹால்பர்டியர், அதாவது நீண்ட கழியில் கோடரியும் ஈட்டியும் சேர்ந்த ஆயுதம் ஏந்தியவர், மங்கோலியருக்கு மறுக்கப்பட்டார். எதிரி கனத்த கவசக் குதிரைகளையோ ஒட்டகங்களையோ கூட்டமாக இறக்கினால் மலிவான காலாட்படையை நிறுத்தித் தடுக்க மங்கோலியரால் முடியாது. குதிரையில் கொடுத்தது காலாளில் கழிக்கப்பட்டது. இதுதான் 2000-ம் ஆண்டிலிருந்து இருக்கும் அடிப்படைப் பேரம்.

அதற்குப் பிறகு வந்த திருத்தங்களில் சில கெட்டிக்காரத்தனமானவை. மங்கோலிய வேட்டைக்காரர்கள் மான், காட்டுப்பன்றி வேட்டையில் மற்றவர்களைவிட 50 சதவீதம் வேகமாக உணவு சேர்த்தார்கள். அது 40 ஆகக் குறைக்கப்பட்டது. போர்க்களத்தில் ஒரு குதிரையைக்கூட யாரும் தொடவில்லை. ஆனால் ஆட்டத்தின் முதல் நிமிடங்களில் உணவு சேரும் வேகம் குறைந்தால் அடுத்த யுகத்துக்குப் போவது தாமதமாகும், முதல் குதிரை எதிரி வாசலில் நிற்கும் நேரமும் தள்ளிப்போகும். இலேசான குதிரைப் படைக்கு இருந்த 30 சதவீதக் கூடுதல் உயிர்ப்புள்ளியிலும் கை வைத்தார்கள். நடு யுகத்தில் 20, கடைசி யுகத்தில்தான் 30 என்று படி வைத்தார்கள். 2019-ல் புதிதாக வந்த ஸ்டெப் லான்சர் என்ற நீள்வேல் குதிரைவீரர்கள் வந்த வேகத்தில் எல்லாரையும் துவைத்து எடுத்தார்கள். பலர் ஒரே இடத்தில் நெருக்கி நின்று, முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாக ஒரே நேரத்தில் குத்த முடிந்ததுதான் காரணம். சில மாதங்களில் அவர்களின் தாக்கும் வேகம் வெட்டப்பட்டது.

மறுபக்கம் காலாட்படையைத் தூக்கி நிறுத்தும் முயற்சி. வாள்வீரர்கள் மெதுவாக நடப்பார்கள், அம்புக்கு இரையாவார்கள் என்பதால் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் அவர்களைச் சீண்டுவதே இல்லை. 2019-க்குப் பின் வந்த திருத்தங்களில் அவர்களின் உணவுச் செலவு குறைக்கப்பட்டது, அம்பைத் தாங்கும் கவசம் கூட்டப்பட்டது. நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. என்றாலும் மங்கோலியரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாள்வீரர்களை அனுப்புகிறவரை யாரும் சற்று வினோதமாகத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வேலையின் உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. நின்று, எய்து, ஓடும் அந்த ஆட்டத்துக்கு விரல்களில் அசாத்திய வேகம் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் கையில் மங்குதாய் தடுக்க முடியாத படை. கற்றுக்குட்டி கையில் அது விலை உயர்ந்த விறகு. முதல்வரை அடக்க ஒரு புள்ளி குறைத்தால் இரண்டாமவருக்கு அந்தப் படை பயனற்றுப் போகிறது. இரண்டாமவருக்காக ஏற்றினால் போட்டி மேடையில் மங்கோலியரைத் தவிர வேறு யாரும் வர மாட்டார்கள். ஒரே எண் இரண்டு விதமான மனிதர்களுக்கும் பொருந்த வேண்டும். பொருந்துவதில்லை.

ஆனால் விலைப்பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தால் வேறொரு வேடிக்கை தெரிகிறது. ஒரு மங்குதாய்க்கு 55 மரம், 65 தங்கம். ஓர் ஈட்டி வீரருக்கு 35 உணவு, 25 மரம். நடந்து போகிறவருக்குச் சோறு உண்டு. குதிரைக்கும் அதன் மேல் இருப்பவருக்கும் ஒரு பிடி உணவுகூடக் கணக்கில் இல்லை. மரத்தையும் தங்கத்தையும் தின்று வளரும் குதிரை. மக்கள்தொகைக் கணக்கிலும் அப்படியே. காலாளுக்கு ஓர் இடம், குதிரையாளுக்கும் ஓர் இடம்.

வரலாற்றில் கணக்கு நேர் எதிர். மங்கோலியப் படை பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பிரிக்கப்பட்டது. பத்தாயிரம் பேர் கொண்ட பிரிவுக்குத் துமென் என்று பெயர். ஒரு வீரருக்கு ஒரு குதிரை போதாது, மூன்று முதல் ஐந்து வரை வேண்டும். களைத்ததை விட்டு அடுத்ததில் ஏறிப் போவதில்தான் அந்தப் படையின் வேகமே இருந்தது. அப்படியானால் ஒரு துமென் நகர்ந்தால் கூடவே 30,000 முதல் 50,000 குதிரைகள் நகரும். அவற்றுக்கு ஒவ்வொரு நாளும் புல்லும் தண்ணீரும் வேண்டும். ஒரு மேய்ச்சல் நிலம் தீர்ந்தால் அடுத்ததற்குப் போக வேண்டும். மங்கோலியாவிலிருந்து ஹங்கேரி வரை நீண்ட புல்வெளிதான் அவர்களின் பெட்ரோல் பங்க். அது முடிந்த இடத்தில் வண்டியும் தடுமாறியது.

1258-ல் பாக்தாத்தை வீழ்த்திய ஹுலாகு, 1260-ல் சிரியாவுக்குள் நுழைந்தார். அலெப்போ விழுந்தது, டமாஸ்கஸ் பணிந்தது. பிறகு பெரும்படையோடு அவர் பின்வாங்கினார். பேரரசர் மோங்கே 1259-ல் இறந்துபோனதும் வாரிசுச் சண்டை மூண்டதும் ஒரு காரணம். ஆனால் 1262-ல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய கடிதத்தில் தீவனமும் மேய்ச்சலும் தீர்ந்துபோனதை ஹுலாகுவே காரணமாகக் குறிப்பிடுகிறார். விட்டுச்சென்ற சிறு படையை 1260 செப்டம்பர் 3-ம் தேதி அய்ன் ஜாலூத்தில் எகிப்தின் மம்லூக்குகள் நொறுக்கினார்கள். நொறுக்கியவர்கள் ஈட்டி ஏந்திய காலாட்கள் அல்ல. மங்கோலியரைப் போலவே புல்வெளிப் பிரதேசங்களில் பிறந்து, அடிமைகளாக வாங்கப்பட்டு, குதிரைமேல் வில்வித்தை பழகிய மம்லூக்குக் குதிரைப்படைதான். விளையாட்டின் பால பாடத்தை அய்ன் ஜாலூத் ஒப்புக்கொள்ளாது.

ஹங்கேரியும் ஒப்புக்கொள்ளாது. 1241 ஏப்ரலில் மோஹி களத்தில் அந்நாட்டுப் படை அழிந்தது. தப்பிய மன்னர் நான்காம் பேலா பிறகு ஈட்டிகளை நம்பவில்லை. கல் கோட்டைகளைக் கட்டவைத்தார். 1285-ல் மங்கோலியர்கள் மீண்டும் வந்தபோது அந்தக் கோட்டைகளுக்கு வெளியே அலைந்துவிட்டுப் பெரும் நஷ்டத்தோடு திரும்பினார்கள். வியட்நாமில் வெப்பமும் நோயும், 1288-ல் பாக் தாங் ஆற்றில் அடித்துவைத்த கூர்முளைகளும் அந்த வேலையைச் செய்தன.

சரி, மங்கோலியக் காலாட்படை? அப்படி ஒன்று சொந்தமாக இருந்ததா என்றால் பெயரளவுக்குக்கூட இல்லை. தேவைப்பட்டபோது கடன் வாங்கினார்கள், பல நேரங்களில் பிடுங்கிக்கொண்டார்கள். 1219-ல் தொடங்கிய குவாரஸ்மியப் படையெடுப்பில், பிடிபட்ட ஊர்களின் ஆண்களையே அடுத்த ஊரின் மதில் முன்னால் விரட்டினார்கள். உள்ளிருந்து வரும் அம்பு முதலில் விழுந்தது சொந்த மக்கள்மீது. தெற்குச் சீனாவின் ஸியாங்யாங் நகரை வீழ்த்த 1268 முதல் 1273 வரை ஆனது. அங்கே குப்ளாய் கானுக்காக நின்றவர்களில் பெருவாரி வடசீனக் காலாட்களும் படகுக்காரர்களும். கடைசியில் மதிலை உடைத்த எதிர்எடைக் கவண்களைச் செய்து தந்தவர்கள் பாரசீகப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட இஸ்மாயில், அலாவுதீன் என்ற இரு பொறியாளர்கள். இந்த இடத்தில் விளையாட்டுக்காரர்களைப் பாராட்டவேண்டும். மங்கோலியரின் முற்றுகை எந்திரங்கள் 50 சதவீதம் வேகமாக நகரும்படி ஒரு தனிச் சலுகையை அவர்கள் வைத்திருக்கிறார்கள். நாடோடிகளுக்கு ஏன் கனரக எந்திரங்கள் என்று புதியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வரலாறு அந்தச் சலுகையின் பக்கம்.

காலாட்படை விஷயத்தில் இன்னும் நேர்மையாக நடந்துகொண்டது பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி. அவர்களின் 'ஷோகன்: டோட்டல் வார்' விளையாட்டுக்கு 2001-ல் 'தி மங்கோல் இன்வேஷன்' என்ற இணைப்பு வந்தது. களம் ஜப்பான். மங்கோலியப் பக்கத்தில் குதிரைகள் மங்கோலியருடையவை. ஈட்டி ஏந்தியவர்களும் காவற்படையும் கொரியர்கள். கூடவே வெடிகுண்டு வீசும் ஒரு பிரிவு. 1274-லும் 1281-லும் குப்ளாய் கான் ஜப்பானுக்கு அனுப்பிய படைகள் கொரியக் கப்பல்களில், கொரிய வீரர்களோடுதான் போயின. இரண்டாவது முறை தெற்குச் சீனாவிலிருந்தும் ஒரு பெருங்கப்பற்படை சேர்ந்தது. கப்பலில் குதிரைக்கு இடம் குறைவு. ஹகாட்டா விரிகுடாவில் போரிட்ட தகெஸாகி சுயெனாகா என்ற சாமுராய், தன் வீரத்தை மேலிடத்துக்கு நிரூபிக்க வரையச் சொன்ன ஓவியச் சுருள் இன்றும் இருக்கிறது. அதில் குதிரையில் இருப்பவர் அவர். எதிரே மங்கோலியப் படையினர் பலர் தரையில் நின்று வில் வளைக்கிறார்கள். நடுவில் ஒரு குண்டு வெடிக்கிறது. அந்த வகைச் சுட்டமண் குண்டுகள் தகாஷிமா தீவருகே கடலடியிலிருந்து பின்னர் எடுக்கப்பட்டன.

ஆக, குதிரைக்கும் காலாளுக்கும் இடையில் என்றென்றைக்குமான ஒரு சரியான விகிதம் இருந்ததே இல்லை. புல்வெளியில் கிட்டத்தட்ட எல்லாரும் குதிரைமேல். மதில் முன்னால் பொறியாளர்களும் பிடிபட்டவர்களும். கடல் கடந்தால் கொரியக் காலாட்கள். நிலம் மாற மாறப் படையும் மாறியது. விளையாட்டிலோ சைபீரியப் பனி வரைபடமானாலும் அரேபிய மணல் வரைபடமானாலும் மங்குதாய்க்கு அதே 55 மரம், 65 தங்கம். நிலத்தைத் தொடாமல் வீரரை மட்டும் திருத்திக்கொண்டிருப்பதால்தான் திருத்தம் முடிவதில்லை என்று தோன்றுகிறது.

டோட்டல் வார் வரிசையில் இதற்கு ஒரு பாதி விடை உண்டு. ஒவ்வொரு படைக்கும் வாங்கும் விலை தவிர, ஒவ்வொரு சுற்றுக்கும் பராமரிப்புச் செலவு கட்ட வேண்டும். குதிரைப்படை கஜானாவைக் காலி செய்யும். 2006-ல் வந்த 'மெடீவல் 2'-ல் இந்த எண்கள் எல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. தாக்குதல், கவசம், மன உறுதி, விலை, பராமரிப்பு எல்லாவற்றையும் நோட்பேடில் திறந்து யாரும் மாற்றலாம். மாற்றினார்கள். அதில் மங்கோலியர்கள் ஆட்டத்தின் நடுவே கிழக்கிலிருந்து பெரும்படைகளாகத் திடீரென முளைப்பார்கள். அதுவரை பொறுமையாகச் சாம்ராஜ்யம் கட்டியவரின் எல்லை நகரங்கள் அடுத்தடுத்துப் போகும். ஆத்திரம் தாங்காமல் மங்கோலியரின் எண்களைக் குறைத்து எழுதியவர்கள் ஒருபுறம், இன்னும் கூட்டி ரசித்தவர்கள் மறுபுறம்.

2021 அக்டோபரில் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4' கொஞ்சம் துணிந்தது. அதில் மங்கோலியருக்கு மதில் கட்டும் உரிமை இல்லை. வீடு கட்டும் தொல்லையும் இல்லை. கட்டடங்களை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி வேறிடம் போகலாம். மங்குதாய் ஓடிக்கொண்டே அம்பு எய்யலாம். மேய்ச்சல் பட்டியிலிருந்து ஆடுகள் வரும். ஆட்டுக்கு வந்த மேய்ச்சல் குதிரைக்கு இன்னும் வரவில்லை.

எண்களைத் திருத்திச் சமன் செய்யும் இந்தக் கலை அமெரிக்காவில் பிறந்தது என்று நினைத்தால் டெல்லியை மறந்தவர்கள் ஆவோம். 1303-ல் தரகாய் தலைமையில் வந்த மங்கோலியர்கள் அலாவுதீன் கில்ஜியைச் சிரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் முடக்கிப்போட்டார்கள். அவர்கள் திரும்பிப் போனதும் சுல்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மங்கோலியரைத் தடுக்கப் பெரிய குதிரைப்படை வேண்டும். பெரிய படைக்குப் பெரிய சம்பளம் கொடுத்தால் கஜானா தாங்காது. ஆகவே சம்பளத்தைக் குறைவாக நிர்ணயித்துவிட்டு, அதில் வீரர்கள் வாழும்படி சந்தை விலைகளை இறக்கினார். வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி தரும் பட்டியல்படி, குதிரை வீரருக்கு ஆண்டுச் சம்பளம் 234 டங்கா, கூடுதல் குதிரை வைத்திருந்தால் மேலும் 78. முதல் தரக் குதிரை 100 முதல் 120 டங்கா, இரண்டாம் தரம் 80 முதல் 90, மூன்றாம் தரம் 65 முதல் 70. அதாவது நல்ல குதிரை ஒன்றின் விலை ஏறக்குறைய அரை ஆண்டுச் சம்பளம். நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கிவிட்டு மட்டக்குதிரையில் போருக்கு வருகிற தந்திரத்தை ஒழிக்கக் குதிரைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தார்கள். தரகர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். 1305-ல் அம்ரோஹாவில் மங்கோலியர்கள் படுதோல்வி அடைந்தார்கள், மறு ஆண்டு ராவிக் கரையிலும். குதிரையின் தாக்குதல் புள்ளியைத் தொடாமல் அதன் விலையைத் தொட்ட திருத்தம் அது. வேட்டைக்காரர்களின் வேகத்தை 50-லிருந்து 40 ஆக்கியவர்களுக்குப் புரிந்த அதே வித்தை.

தெற்கே இருந்தவர்களுக்கு மங்கோலியரைச் சந்திக்கும் வாய்ப்பே வரவில்லை. விளையாட்டில் வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற இணைப்பு வெளியானபோது, அதுவரை ஒரே கூடையில் கிடந்த 'இந்தியர்கள்' ஹிந்துஸ்தானி, வங்காளி, கூர்ஜரர், திராவிடர் என்று பிரிக்கப்பட்டார்கள். ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்புக் கதை வந்தது. திராவிடர் காலாளையும் கடலையும் நம்பும் கூட்டம். சுருள்வாள் வீசும் உறுமி வீரர்கள் அவர்களின் தனிப் படை. படைமுகாமில் செய்யும் காலாட்படை மேம்பாடுகளுக்குப் பாதி விலைதான். கனத்த குதிரைப்படை கிடையாது. திறந்தவெளியில் மங்குதாய்க்கு எதிரே உறுமி வீரர்களை அனுப்புகிறவர், முதலில் சொன்ன அறுபது ஈட்டிக்காரர்களின் கதியைத்தான் காண்பார். திராவிடரை எடுக்கும் கெட்டிக்காரர்கள் நீர் நிறைந்த வரைபடத்தைத் தேடிப்போகிறார்கள்.

கனத்த குதிரைகளை மறுத்ததில் தமிழ் ஆட்டக்காரர்களுக்குச் சிறு மனவருத்தம் வரலாம். வடிவமைப்பாளர்கள் மார்க்கோ போலோவைச் சாட்சிக்கு அழைக்க முடியும். பாண்டிய நாட்டுக்கு வந்த அந்த வெனிஸ்காரர், ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்ததைக் குறித்துவைத்தார். மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை, இறைச்சியோடு வேகவைத்த அரிசியைத் தீனியாகப் போடுகிறார்கள், லாடமடிக்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதில்லை என்று காரணங்களும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்.